நின்ற இடத்தில் உதறும் எஞ்சின்: கார்பன் என்று சொன்னால் மட்டும் போதுமா?

சாலைவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 4 சிலிண்டர் பெட்ரோல் கார். வாங்கி 8 ஆண்டுகள் ஆகின்றன. 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டர்போ கிடையாது. பெட்ரோல் சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கப்படாமல், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுக்கு முன்னால் இருக்கும் குழாயில் தெளிக்கப்படும் வகை எஞ்சின் இது.

மூன்று மாதங்களாகச் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் உதறுகிறது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. இழுவையும் மைலேஜும் முன்பு இருந்தபடியே இருக்கின்றன. ஆனால் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றதும் எஞ்சின் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் 750-லிருந்து 550-க்கு இறங்கி, ஒரு குலுக்கலோடு மேலே ஏறி, மறுபடியும் இறங்குகிறது. ஏசி கம்ப்ரசர் இணையும் நொடியில் ஸ்டியரிங் கைக்குள் நடுங்குவது தெரிகிறது. இரண்டு முறை எஞ்சின் அணைந்தே போய்விட்டது. காலையில் முதல் ஸ்டார்ட் நன்றாகவே ஆகிறது. எஞ்சின் சூடேறிய பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. எச்சரிக்கை விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

ஒரு பட்டறையில் காட்டினேன். "கார்பன் அடைத்திருக்கிறது" என்று சொல்லி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றி, ஓர் இயந்திரத்தைக் காற்றுக் குழாயில் இணைத்து அரை மணி நேரம் வாயு செலுத்தினார்கள். பத்து நாட்கள் சற்று நன்றாக இருப்பதுபோல் தோன்றியது. அதன்பின் பழைய கதைதான். இப்போது அதே வேலையை இன்னொரு முறை செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா, அல்லது வேறு எதையாவது முதலில் பார்க்க வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுந்தொலைவு எழுதியது:

நகருக்குள்ளேயே குறைந்த தூரம் ஓட்டுபவர்களின் வண்டிகளில் இந்தத் தொல்லை வரும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் திறந்த சாலையில் ஒரு கியர் குறைத்து, 3,500 முதல் 4,000 ஆர்பிஎம் வரை வைத்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் கார்பன் எரிந்து வெளியே போய்விடும். என் வண்டியில் இரண்டு முறை பலன் கண்டிருக்கிறேன்.

பட்டறைமுற்றம் எழுதியது:

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சாலைவழி கேட்டிருக்கும் கேள்வி வாரம் ஒருமுறையாவது என் முன் வந்து நிற்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். "கார்பன்" என்பது நோயின் பெயர் அல்ல. அது எங்கே படிந்திருக்கிறது என்று சொன்னால்தான் நோயைச் சொன்னதாக ஆகும். பெட்ரோல் எஞ்சினில் அது படியும் முக்கியமான இடங்கள் நான்கைந்து உண்டு: த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் தட்டு ஒன்றால் கூட்டிக் குறைக்கும் குழல்), இன்டேக் வால்வின் பின்புறம், ஈஜிஆர் வால்வு (எக்சாஸ்ட் வாயுவில் ஒரு பங்கைத் திருப்பி விடுவது), பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முனை, பிஸ்டன் தலையும் எரியும் அறையும். ஒவ்வோர் இடத்திலும் படிவது ஒவ்வொரு விதமான பொருள். த்ராட்டில் பாடியில் இருப்பது எண்ணெய் ஆவியும் தூசியும் சேர்ந்த பிசுக்கு. துணியால் துடைத்தாலே வரும். பிஸ்டன் தலையில் இருப்பது எரிந்து இறுகிய கரி. இன்டேக் வால்வின் பின்னால் இருப்பதோ எண்ணெய் சுண்டிச் சுண்டித் தார்போல் ஒட்டிக் கெட்டியானது. ஒன்றுக்குப் பலிக்கும் மருந்து மற்றொன்றின் அருகில்கூடப் போகாது.

நெடுந்தொலைவு அவர்கள் சொன்ன வேகமான ஓட்டம் பொய்யல்ல. எரியும் அறைக்குள்ளும் ஸ்பார்க் பிளக் நுனியிலும் இருக்கும் மெல்லிய கரி, வெப்பம் ஏறும்போது ஓரளவு எரிந்து போகும். ஆனால் த்ராட்டில் தட்டு இருக்குமிடம் தீயிலிருந்து வெகு தொலைவு; வேகமாக ஓட்டினாலும் அங்கே குளிர்ந்த காற்றுதான் ஓடும். இன்டேக் வால்வின் பின்புறமும் அப்படித்தான். எரியும்போது அந்த வால்வு மூடியிருக்கிறது, சுவாலை அதன் முகத்தைத் தொடுமே தவிர முதுகைத் தொடாது. காற்றுக் குழாயில் வாயு செலுத்தும் இயந்திரங்களைப் பற்றியும் எனக்கு இதே கருத்துதான். எரியும் இடத்தில் அது ஏதாவது செய்யலாம். எரியாத இடத்தில் உறைந்து கிடப்பதை அது கரைத்து நான் பார்த்ததில்லை. பத்து நாள் நன்றாக இருந்ததற்குப் புது பிளக்குகளே காரணமாக இருந்திருக்கக்கூடும்.

இனி, சாலைவழி சொன்ன அறிகுறிகளைப் பார்ப்போம். முள் இறங்கி ஏறுகிறது என்கிறீர்கள். இது மிகவும் பயனுள்ள செய்தி, ஏனென்றால் முள் அசையாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால் நான் முதலில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பரைத்தான் பார்ப்பேன். காலையில் நன்றாக இருக்கிறது, சூடேறினால் கெடுகிறது என்கிறீர்கள். குளிர்ந்த எஞ்சினை அதன் கணினி வேண்டுமென்றே அதிக ஆர்பிஎம்மில் வைத்திருக்கும். த்ராட்டில் தட்டு அப்போது சற்று அகலமாகத் திறந்திருக்கும். சூடேறிய பின் தட்டு ஏறக்குறைய மூடிக்கொண்டு, விளிம்பைச் சுற்றிலும் ஒரு மெல்லிய இடைவெளியை மட்டும் விட்டு வைக்கும். ஐடிலிங்குக்கு, அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடுவதற்கு, வேண்டிய காற்று முழுவதும் அந்த இடைவெளி வழியாகத்தான் போகிறது. ஒரு காகிதத் தடிமனுக்குப் பிசுக்கு படிந்தாலும் அந்த வழியில் அது பெரிய தடை; அகலத் திறந்து ஓடும்போது அதே பிசுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஓடும்போது குறை தெரியாததற்கும் நின்றால் உதறுவதற்கும் இது பொருந்துகிறது.

கணினியும் சும்மா இருப்பதில்லை. காற்று குறையக் குறையத் தட்டை இன்னும் கொஞ்சம் திறந்து ஈடு செய்துகொண்டே வரும். அதனால்தான் உங்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த ஈட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையை நெருங்கிய நிலையில் ஏசி கம்ப்ரசரின் பாரம் திடீரென்று வந்து விழும்போது சமாளிக்க முடியாமல் எஞ்சின் தடுமாறுகிறது.

என் சந்தேகம் த்ராட்டில் பாடி மேல்தான். இருந்தாலும் எதையும் கழற்றுவதற்கு முன் சில அளவுகளைப் பார்த்துவிடுங்கள். அளவுமானி அவர்கள் இதை என்னைவிட நன்றாக விளக்குவார்.

அளவுமானி எழுதியது:

அழைத்ததற்கு நன்றி. வண்டியின் குறைகளைக் கண்டறிய உதவும் ஓபிடி சாக்கெட்டில் பொருத்தும் ஒரு சாதாரண ஸ்கேனர் போதும். எஞ்சின் முழுவதும் சூடேறிய பின், ஏசி, விளக்குகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஃப்யூவல் ட்ரிம் எனப்படும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம். இரண்டையும் கூட்டினால் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ ஓட்டுகிறது என்பது தெரியும். முதலில் ஐடிலிங்கில் பாருங்கள். பிறகு 2,500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள்.

ஐடிலிங்கில் கூட்டுத்தொகை +15, +20 விழுக்காடு என்று உயர்ந்து நின்று, 2,500-ல் பூஜ்யத்தை நெருங்கினால், எங்கோ ஒரு குழாயோ, இணைப்பைக் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டோ வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது என்று பொருள். அப்படியானால் கார்பனைத் தேடுவது வீண்; விரிசல் விட்ட ரப்பர் குழாயைத் தேட வேண்டும். ஐடிலிங்கில் சரியாக இருந்து, ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் அழுக்காகியிருக்கலாம், அல்லது பெட்ரோல் வரத்து குறைந்திருக்கலாம். எண் எதிர்ப்பக்கம் -15 என்று இறங்கினால் ஏதோ ஓர் இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று பார்ப்பேன்.

த்ராட்டில் பாடியில் பிசுக்கு இருக்கும்போது ட்ரிம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இது பலரைக் குழப்புகிறது. உள்ளே போகும் காற்று குறைகிறதே தவிர, போகும் காற்று முழுவதும் அளக்கப்பட்டுத்தான் போகிறது. ஆகவே பெட்ரோல் விகிதம் கெடுவதில்லை, எச்சரிக்கை விளக்கும் எரிவதில்லை. நிலை மிகவும் முற்றினால் மட்டும் ஐடிலிங் வேகம் குறைவு என்பதைச் சொல்லும் பி0506 என்ற பிழைக் கோட் ஸ்கேனரில் வரலாம்.

ஒரு சிறு எச்சரிக்கை: மேலே சொன்னது காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிகளுக்கு. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டின் அழுத்தத்தைக் கொண்டு காற்றைக் கணக்கிடும் வண்டிகளில், கசிந்து நுழையும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். அங்கே கசிவு இருந்தால் ட்ரிம் அவ்வளவாக மாறாமல் ஐடிலிங் வேகம் உயர்வதைக் காண்பீர்கள்.

ஸ்கேனரில் த்ராட்டில் திறப்பு விழுக்காட்டையும் குறித்து வையுங்கள். சுத்தம் செய்த பின் ஒப்பிட உதவும்.

சாலைவழி எழுதியது:

நண்பர் ஒருவரின் ஸ்கேனரை வாங்கிப் பார்த்தேன். என் வண்டியில் மாஃப் சென்சார் இருக்கிறது. ஐடிலிங்கில் இரண்டு ட்ரிம்களும் சேர்ந்து +3. 2,500 ஆர்பிஎம்மில் +2. த்ராட்டில் திறப்பு 19 விழுக்காடு என்று காட்டுகிறது. கோட் எதுவும் இல்லை.

காற்று வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். த்ராட்டில் தட்டின் முன்புறம் பழுப்பு நிறத்தில் இருக்கிறது. விளிம்பை ஒட்டிக் கறுப்பாக ஒரு வளையம். தட்டு மூடி நிற்கும் இடத்தில், குழலின் சுவரிலும் அதே வளையம் அச்சு எடுத்ததுபோல் தெரிகிறது. ரப்பர் குழாயின் அடிப்பகுதியில் விரல் வைத்தால் எண்ணெய் ஒட்டுகிறது. அந்த எண்ணெய் அங்கே எப்படி வந்தது என்பது எனக்குப் புரியவில்லை.

மழைத்துளி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும். என் வண்டியிலும் இதே உதறல்தான். ஆனால் காலையில், குளிர்ந்த எஞ்சினில் வருகிறது. முதல் ஒரு நிமிடம் ஒரு சிலிண்டர் செத்துப்போனதுபோல் தடதடவென்று ஓடிப் பிறகு சரியாகிவிடுகிறது. 70,000 கிலோமீட்டர் ஓடிய டர்போ பெட்ரோல் வண்டி, பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படும் வகை. ஸ்கேனரில் எரிதல் ஆங்காங்கே தவறுவதைச் சொல்லும் பி0300, இரண்டாம் சிலிண்டரில் தவறுவதைச் சொல்லும் பி0302 இரண்டும் இருந்தன. ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில்களை இடம் மாற்றிப் போட்டும் கோட் இரண்டாம் சிலிண்டரிலேயே நிற்கிறது. நானும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தால் போதுமா? டாங்கில் ஊற்றும் கிளீனர் மூன்று புட்டிகள் ஊற்றியாயிற்று.

பட்டறைமுற்றம் எழுதியது:

சாலைவழி, உங்கள் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ட்ரிம் சுத்தமாக இருக்கிறது, திறப்பு அதிகமாக இருக்கிறது, வளையம் கண்ணுக்கே தெரிகிறது. த்ராட்டில் பாடிதான்.

சுத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். இயன்றால் த்ராட்டில் பாடியைக் கழற்றி எடுத்தே செய்யுங்கள்; புது கேஸ்கெட் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாவி அணைந்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினல் கழற்றப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் மின்சாரம் இருக்கும்போது விரல் உள்ளே இருந்தால் தட்டு திடீரென்று மூடி நசுக்கிவிடும். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். அருகிலிருக்கும் மோட்டாருக்குள்ளும் சென்சாருக்குள்ளும் போகும்படி பீய்ச்சாதீர்கள். மின்மோட்டார் வைத்த தட்டை விரலால் வேகமாகத் திறந்து மூடாதீர்கள். உள்ளே இருப்பவை சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். எமரித் தாளும் கம்பிப் பிரஷும் கூடவே கூடாது. சில த்ராட்டில் பாடிகளின் விளிம்பில் காற்று கசியாமல் இருக்கத் தயாரிப்பாளர் மெல்லிய பூச்சு ஒன்று பூசியிருப்பார். அதை அழுக்கென்று நினைத்துச் சுரண்டியவர்களின் வண்டி, பிறகு என்ன செய்தாலும் ஐடிலிங்கில் நிற்காது. மாஃப் சென்சாரைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் அதற்கென்று தனி கிளீனர் உண்டு. த்ராட்டில் கிளீனரை அதில் அடிக்காதீர்கள், அதன் கம்பியைத் தொடவும் செய்யாதீர்கள்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி அதுதான். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். அதை எண்ணெய் ஆவியோடு உறிஞ்சி மறுபடியும் மேனிஃபோல்டுக்கு அனுப்புவது பிசிவி வால்வு. அந்த வால்வு அடைத்துக்கொண்டால் வாயு போக வழியின்றி, புதுக் காற்று வர வேண்டிய மூச்சுக் குழாய் வழியாகப் பின்னோக்கி வெளியேறும். அந்தக் குழாய் சேருமிடம் த்ராட்டில் பாடிக்கு முன்னால். ரப்பர் குழாயின் அடியில் நீங்கள் விரலால் தொட்டது அதுவாகவே இருக்கும். பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். பெரும்பாலான வகைகளில் உள்ளே இருக்கும் ஊசி கடகடவென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை என்றால் மாற்றுங்கள். அதை மாற்றாமல் த்ராட்டிலை மட்டும் துடைத்தால் ஓராண்டுக்குள் இதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள்.

மழைத்துளி, உங்களுடையது வேறு நோய். தயவுசெய்து சாலைவழிக்குச் சொன்னதை உங்களுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாலைவழியின் வண்டியில் ஒவ்வொரு சுழற்சியிலும் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் விழுந்து கழுவிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோலில் கலந்திருக்கும் துப்புரவுப் பொருளும், டாங்கில் நாம் ஊற்றுவதும் அந்த வழியாகத்தான் வால்வைச் சென்றடைகின்றன. உங்கள் வண்டியில் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. 50 முதல் 200 பார் வரை, புதிய வண்டிகளில் 350 பார் வரையான அழுத்தத்தில் பெட்ரோல் நேராக எரியும் அறைக்குள் போய்விடுகிறது; வால்வின் முதுகில் ஒரு துளிகூடப் படுவதில்லை. பிசிவி வழியாக வரும் எண்ணெய் ஆவி மட்டும் அந்தச் சூடான வால்வில் பட்டுச் சுண்டுகிறது. நீங்கள் ஊற்றிய மூன்று புட்டிகளும் வீண் என்று சொல்லமாட்டேன். படிவைக் கரைக்கும் பாலிஈதர்அமீன் உள்ள கிளீனராக இருந்தால் இன்ஜெக்டர் முனைக்கு நல்லது. ஆனால் வால்வின் முதுகை அது பார்க்கவே இல்லை. டொயோட்டா போன்றவர்கள் சில எஞ்சின்களில் நேரடி இன்ஜெக்டரோடு, குழாயில் தெளிக்கும் இன்ஜெக்டரையும் சேர்த்து வைத்தார்கள்; அவற்றில் இந்தக் குறை குறைவு.

காலையில் மட்டும் வருவதற்கும் காரணம் உண்டு. ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்தில், எக்சாஸ்ட் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்குவதற்காகக் கணினி ஸ்பார்க்கை வெகுவாகத் தாமதப்படுத்தி ஓட்டும். அந்த நேரத்தில் எரிதல் ஏற்கெனவே தள்ளாடும் நிலையில்தான் இருக்கிறது. ஒரு சிலிண்டருக்குள் காற்று சுழன்று நுழைய வேண்டிய வழி மேடும் பள்ளமுமாக இருந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் தவறிவிடும். சூடேறி, ஸ்பார்க் வழக்கமான நேரத்துக்கு வந்ததும் அதே வால்வோடு சமாளித்து ஓடும்.

உறுதி செய்யாமல் எதையும் பிரிக்க வேண்டாம். பிளக்கையும் காயிலையும் போலவே, இரண்டாம் சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் வேறு பேச்சு. சரியாக இருந்தால், மேனிஃபோல்டின் ஏதாவது ஒரு திறப்பு வழியாகப் போரஸ்கோப் கேமராவை விட்டு வால்வின் முதுகைக் கண்ணால் பாருங்கள். நான் முதன்முதலில் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. வால்வின் தண்டு விரற்கடைத் தடிமனுக்குப் பருத்து, எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த பாறைபோல் சொரசொரப்பாக இருந்தது. உலோகம் ஓரிடத்தில்கூடத் தெரியவில்லை.

அப்படி இருந்தால் நம்பகமான வழி, மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் துகளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வதே. அந்தத் துகள் கார்பனைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம், உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. ஒன்றில் மட்டும் செய்பவர் கண்டிப்பாக இருக்க வேண்டும்: எந்தச் சிலிண்டரில் அடிக்கிறாரோ அதன் இரண்டு இன்டேக் வால்வுகளும் முழுதாக மூடியிருக்கும்படி கிராங்க்கைச் சுழற்றி நிறுத்தி, டார்ச் அடித்துச் சரிபார்த்த பிறகே துப்பாக்கியை வைக்க வேண்டும். அடுத்த சிலிண்டருக்குப் போகும்போது மறுபடியும் சுழற்ற வேண்டும். நாற்புறமும் சிதறுவதை வாக்குவம் குழாய் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். இயந்திரம் இல்லாத இடங்களில், மூடிய வால்வின் மேல் கரைப்பானை ஊற்றி ஊற வைத்து, நைலான் பிரஷால் தேய்த்து, உறிஞ்சி எடுத்து, மறுபடியும் ஊற்றிச் செய்வார்கள். பொறுமை இருந்தால் அதுவும் நல்ல வேலைதான்.

எஞ்சினை ஓட விட்டுக் காற்றுக் குழாயில் ஸ்ப்ரே அடித்துக் கரைக்கும் முறையை டர்போ வண்டிக்கு நான் செய்வதில்லை. இறுகிய துண்டு பெயர்ந்து எக்சாஸ்ட் வழியாகப் போகும்போது டர்பைன் இதழில் அடிக்கும். அதிகமாக அடித்துவிட்டால் திரவம் சிலிண்டருக்குள் தேங்கி கனெக்டிங் ராடையே வளைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

இன்னொன்று. எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

கரைவழி எழுதியது:

ஈஜிஆர் வால்வைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன், ஏனென்றால் என் வண்டியில் குற்றவாளி அதுதான். எக்சாஸ்ட் வாயுவில் ஒரு பங்கை இன்டேக் பக்கம் திருப்பி விடும் இந்த வால்வு, ஐடிலிங்கில் மூடியிருக்க வேண்டும். அதன் இருக்கையில் ஒரு கரித் துண்டு மாட்டிக்கொண்டு முழுதாக மூட விடாமல் தடுத்தால், எரிந்த வாயு ஐடிலிங் காற்றோடு கலந்து, எஞ்சின் மூச்சுத் திணறுவதுபோல் உதறும். ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்தால் சரியாகிவிடும். சாலைவழியின் அறிகுறிக்கும் இதற்கும் வெளியிலிருந்து வித்தியாசம் காண்பது கடினம். நல்ல ஸ்கேனர் இருந்தால் வால்வைத் திறக்கவும் மூடவும் கட்டளை அனுப்பிப் பார்க்கலாம். என் வண்டியில் மூடச் சொன்னபோதும் ஐடிலிங் மாறவே இல்லை. அதாவது, அது முழுதாக மூடாமலே கிடந்தது. கழற்றிப் பார்த்தபோது இருக்கையில் சிறு பயறளவு கரித் துண்டு ஒன்று குறுக்கே நின்றது.

டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து மேனிஃபோல்டு முழுவதையும் சேறுபோல் அடைத்துவிடும்.

சாலைவழி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை வேலையைச் செய்தேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், பிறகு செய்பவருக்கு உதவும்.

த்ராட்டில் பாடியைக் கழற்றித் துடைத்தபோது ஆறு துணிகள் கறுத்தன. தட்டின் பின்புறம், முன்புறத்தைவிட மோசமாக இருந்தது. விளிம்பில் விரல் நகத்தால் தடவினால் படிவின் மேடு தட்டுப்பட்டது. பளபளவென்று வந்ததும் பெரும் மகிழ்ச்சியோடு பொருத்தி ஸ்டார்ட் செய்தேன். ஆர்பிஎம் 1,500-க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது! சற்று நேரத்தில் 1,500-க்கும் 900-க்கும் இடையில் ஊஞ்சலாடத் தொடங்கியது. எதையோ உடைத்துவிட்டேன் என்ற பயத்தில் மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றி, கேஸ்கெட்டைச் சரிபார்த்து, மாலை வரை அலைந்தேன். தட்டும் சரியாக இருந்தது, கேஸ்கெட்டும் சரியாக இருந்தது.

பட்டறைமுற்றம் எழுதியது:

இதை முன்பே சொல்லாமல் விட்டது என் தவறு, மன்னியுங்கள். நீங்கள் எதையும் உடைக்கவில்லை.

அழுக்கோடு ஐடிலிங்கைக் காப்பாற்றத் தட்டை எவ்வளவு திறக்க வேண்டும் என்று கணினி ஆண்டுக்கணக்கில் கற்று வைத்திருக்கிறது. அழுக்கு போன பிறகும் அது பழைய அளவுக்கே திறக்கிறது. காற்று அதிகமாகப் போகிறது, வேகம் ஏறுகிறது. பேட்டரியைக் கழற்றியதால் சில வண்டிகளில் அந்த நினைவு அழிந்துவிடும்; அழிந்தாலும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வரை இதே ஊசலாட்டம் இருக்கும். மறுபடியும் கற்றுக்கொடுக்கும் முறை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு விதம். சிலவற்றில் எஞ்சினைச் சூடாக்கி, எல்லா மின்சாதனங்களையும் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு, பிறகு ஏசியைப் போட்டு இன்னும் சற்று நேரம் விட்டால் போதும். சிலவற்றில் ஸ்கேனர் வழியாகத்தான் செய்ய முடியும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் எழுதியிருக்கும் படியை அப்படியே பின்பற்றுங்கள்.

சாலைவழி எழுதியது:

கையேட்டில் ஸ்கேனர் வழியாகச் செய்யும் முறைதான் இருந்தது. அதன்படி செய்ததும் முள் 1,500-லிருந்து மெதுவாக இறங்கி, 750-ல் வந்து நின்று, அங்கேயே இருந்தது. ஏசியைப் போட்டேன், ஒரு சிறு அசைவு, அவ்வளவுதான். திறப்பு விழுக்காடு 19-லிருந்து 14-க்கு இறங்கியிருக்கிறது.

பிசிவி வால்வைக் குலுக்கிப் பார்த்தேன். ஒலி வரவில்லை. மெல்லிய குச்சியால் தள்ளியபோது ஊசி பசையில் ஒட்டியதுபோல் நகர்ந்து, திரும்பி வராமல் நின்றுவிட்டது. புது வால்வைக் காதருகே வைத்துக் குலுக்கியபோதுதான் அந்தக் கடகட ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்தது. எட்டு ஆண்டுகளில் எந்த சர்வீஸிலும் யாரும் அதைத் தொட்டதாகப் பதிவு இல்லை.

மழைத்துளி எழுதியது:

என் வண்டியின் செய்தி. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. போரஸ்கோப்பில் பார்த்தபோது எட்டு இன்டேக் வால்வுகளிலும் படிவு இருந்தது, இரண்டாம் சிலிண்டரில் மிக அதிகம். வால்நட் துகள் அடிக்கும் வசதி உள்ள ஒரு பட்டறையில் கூடவே நின்று செய்வித்தேன். ஒவ்வொரு முறையும் கிராங்க்கைச் சுழற்றி டார்ச் அடித்துப் பார்த்த பிறகே அவர் தொடங்கினார். வேலை முடிந்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு, அந்தத் தடதட ஒலிக்காக ஒரு நிமிடம் முழுவதும் காத்திருந்தேன், வரவே இல்லை.

இது திரும்ப வராமல் தடுக்க என்ன செய்யலாம்? எண்ணெய் ஆவியை வழியிலேயே பிடித்து வைக்கும் கேட்ச் கேன் பொருத்தலாமா?

பட்டறைமுற்றம் எழுதியது:

திரும்ப வராமல் தடுக்க முடியாது, தள்ளிப்போட முடியும். எஞ்சின் எண்ணெயைக் காலம் தாழ்த்தாமல் மாற்றுங்கள். தயாரிப்பாளர் சொன்ன தரத்துக்குள், எளிதில் ஆவியாகாத எண்ணெயைத் தேர்ந்தெடுங்கள். அளவுக் கோலில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். மிகுதியான எண்ணெய் கிராங்க்கில் அடிபட்டு நுரைத்து ஆவியோடு போகும். எஞ்சின் சூடேறுவதற்குள் அணைத்துவிடும் குறுகிய ஓட்டங்களைச் சேர்த்து ஒரே ஓட்டமாக்கிக்கொள்ள முடிந்தால் நல்லது.

கேட்ச் கேன் கொஞ்சம் எண்ணெயைப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் அதைத் தவறாமல் காலி செய்ய வேண்டும். நிரம்பிவிட்டால் தேங்கியதெல்லாம் மொத்தமாக உள்ளே போகும். உறைபனி விழும் இடங்களில் அதற்குள் சேரும் நீர் உறைந்து குழாயை அடைத்துவிடும், அப்போது சாலைவழியின் பிசிவி வால்வு செய்ததையே அதுவும் செய்யும். வாராவாரம் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும்தான் நான் அதைப் பொருத்திக் கொடுப்பேன்.

சாலைவழி எழுதியது:

நான்கு மாதங்களுக்குப் பிறகு இதே இழையில் எழுதுகிறேன். 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. நேற்று ரப்பர் குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியால் த்ராட்டில் தட்டின் விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்துப் பார்த்தேன். துணியில் வெளிர்ப் பழுப்பில் ஒரு கோடு மட்டும் விழுந்தது. குழாயின் அடிப்பகுதி உலர்ந்திருக்கிறது. ஐடிலிங் 750, திறப்பு 14 விழுக்காடு.